லிப்ரேட்ரான்ஸ்லேட்டா, அப்பர்டியமா?

சொந்த சர்வரில் மொழிபெயர்ப்புச் சேவை ஓட்ட வேண்டுமென்றால் கையில் கிடைக்கும் இரண்டு திறமூல வழிகள் இவை. லிப்ரேட்ரான்ஸ்லேட் நரம்பு வலைப்பின்னல் மாதிரிகளை நம்புவது. அப்பர்டியமோ அகராதியையும் இலக்கண விதிகளையும் நம்புவது; அதை இணையச் சேவையாக ஓட்டும் நிரல் ஏ-பை (APy).

நிறுவுவதில் லிப்ரேட்ரான்ஸ்லேட் சுலபம். டாக்கரில் (நிரலைத் தேவையானவற்றோடு ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் கருவி) ஏற்றினால் 5000-ஆம் போர்ட்டில் (சர்வரின் இணைப்பு வாயில் எண்) பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஆனால் முதல் முறை எல்லா மொழி மாதிரிகளையும் இறக்கிக்கொண்டு உட்காரும். தேவையான மொழிகளை மட்டும் ஏற்றும்படி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், நினைவகம் மிஞ்சும். இன்னொன்று: நேரடி மாதிரி இல்லாத ஜோடிக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகும். பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்குப் போகும்போது மரியாதைப் பன்மை வழியிலேயே தொலைந்துபோகலாம்.

ஏ-பை 2737-ஆம் போர்ட்டில் ஓடும். சாதாரண சர்வரே போதும், வேகமும் அதிகம். எனக்குப் பிடித்தது அதன் நேர்மை: தெரியாத சொல்லை நட்சத்திரக் குறியோடு அப்படியே திருப்பித் தரும். லிப்ரேட்ரான்ஸ்லேட்டோ தெரியாததையும் சரளமாக எழுதிவிடும். தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது! ஸ்பானியம், கட்டலான் போன்ற நெருங்கிய மொழிகளுக்கு அப்பர்டியத்தையே எடுப்பேன். தூரத்து மொழிகள் என்றால் யோசிக்காமல் லிப்ரேட்ரான்ஸ்லேட்.

அப்புறம் உரிமம். லிப்ரேட்ரான்ஸ்லேட்டுக்கு ஏஜிபிஎல் (AGPL) என்ற திறமூல உரிமம்: நிரலை மாற்றிப் பொதுச் சேவையாக விட்டால், மாற்றிய மூலத்தைப் பயனர்களுக்கும் தர வேண்டும். ஏ-பையின் ஜிபிஎல் (GPL) உரிமத்தில் அந்த நிபந்தனை இல்லை. எதுவானாலும், கோரிக்கை வரம்பு (ஒருவர் குறித்த நேரத்தில் எத்தனை முறை கேட்கலாம் என்ற கட்டுப்பாடு) போடாமல் இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.