ஓரியா, டூப்ளிகேட்டா, பழசா? டிராக்டரைப் பிளந்து மாட்டும் சாமானுக்கு ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள், கிளட்ச் போய்விட்டால் மூன்று பக்கம் ஓடுவார்கள். ஓரி, அதாவது கம்பெனியின் அசல் சாமான் விற்கும் டீலரிடம் போவார்கள். பட்டணத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அட்டைப் பெட்டியில் இருக்கும் டூப்ளிகேட்டைப் பார்ப்பார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால், ஜப்பானிலிருந்து பழைய டிராக்டரை இறக்கிப் பிரித்து விற்கும் பட்டறைக்குப் போவார்கள். கார்க்காரர்களுக்குப் பழைய காரைப் பாதியாக வெட்டி இறக்கி விற்கும் ஹாஃப்கட் கடை எப்படியோ, நமக்கு அந்தப் பட்டறை அப்படி.

இந்த மூன்று வாசலிலும் நான் பல வருடம் ஏறி இறங்கியிருக்கிறேன். என்னிடம் குபோத்தா எல் வரிசையில் இரண்டு, பழைய மாசி பெர்குசன் 135 ஒன்று, கவாசாக்கி மியூல் என்ற சின்னத் தோட்டத்து வண்டி ஒன்று ஓடுகின்றன. எந்தக் கடை நல்ல கடை என்று யாராவது கேட்டால், எந்தச் சாமானுக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். கிளட்ச் தட்டுக்கு ஒரு வாசல், பல்சக்கரத்துக்கு வேறு வாசல், பேரிங்குக்கு இந்த மூன்றுமே வேண்டாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

காரணம் டிராக்டரின் உடம்பிலேயே இருக்கிறது. லாரிக்கு இருப்பதைப் போல இதற்குத் தனி சேசிஸ் கிடையாது. இஞ்சின், கிளட்ச் வீடு, கியர்பெட்டி, ஓட்டத்தைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்று வரிசையாகப் போல்ட் போட்டுச் சேர்த்த இரும்புப் பெட்டிகள்தான் அதன் முதுகெலும்பு. கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருப்பதைத்தான் டிரான்ஸ்ஆக்சில் என்கிறோம். கிளட்ச் தட்டு அதற்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. தட்டை மாற்ற வேண்டுமென்றால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும். ஸ்டியரிங் குழாய், ஹைட்ராலிக் குழாய், ஒயர், நான்கு சக்கர ஓட்டத்தின் முன் தண்டு எல்லாவற்றையும் கழற்றி, முன்பாதியை ஒரு ஜாக்கியிலும் பின்பாதியை இன்னொன்றிலும் நிறுத்த வேண்டும். முன் ஆக்சில் ஊஞ்சல் போல ஆடக்கூடியது. அதற்கும் அதைத் தாங்கும் முன் சட்டத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் மரக்கட்டை அடிக்காமல் பிளந்தால் இஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கீழே ஆள் இருந்தால் அவ்வளவுதான். இதை அவசரத்தில் மறப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கட்டை அடிக்காமல் யாரும் கை வைக்காதீர்கள்.

பிளப்பதற்கும் சேர்ப்பதற்கும் குறைந்தது ஒரு முழு நாள். விளைச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் வண்டி ஒரு நாள் நின்றால் குலை ஓரத்தில் கிடக்கும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாரும் அறிந்த கணக்கு. நேரம் ஆக ஆகப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த தோட்டத்துப் பிட்டர் மாமா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "தம்பி, தட்டு என்ன விலைன்னு பாக்காத. எத்தன தடவ பிளக்கப் போறன்னு பாரு."

அவர் பேச்சைக் கேட்காமல் ஒரு முறை டூப்ளிகேட் தட்டு போட்டேன். டீலர் சொன்ன விலையில் பாதிக்கும் கீழே. பெட்டி அழகாக இருந்தது, தட்டும் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. நான்காவது மாதம், நிறைந்த டிரேலரோடு வடிகால் மேட்டில் ஏறும்போது உள்ளே கடகடவென்று சத்தம். பிளந்து பார்த்தால், தட்டின் நடுவில் அதிர்ச்சி வாங்குவதற்காக வைத்திருக்கும் சுருள்வில் ஒன்று கூட்டைவிட்டு வெளியே வந்து, தட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் அழுத்துத் தகட்டையும் கீறியிருந்தது. மிச்சம் பிடித்த பணம் இரண்டாவது கூலியிலேயே போய்விட்டது. அழுத்துத் தகட்டுக்கும் மீண்டும் கொடுத்தேன்.

அதன் பிறகு தட்டு, அழுத்துத் தகடு இரண்டையும் டீலரிடம்தான் எடுக்கிறேன். இதில் டீலருக்கு ஒரு குறை உண்டு. கையிருப்பு இல்லை என்றால் காத்திருக்கச் சொல்வார்கள், பழைய மாடல் என்றால் இன்னும் இழுக்கும். ஆகவே வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு செட் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வது என் வழக்கம். எண்ணெய் கைபடாமல், ஈரம் படாமல் இருந்தால் போதும். ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. டொயோட்டாவுக்கே கிளட்ச் செய்து கொடுக்கும் ஐசின் தன் பெயரிலும் பெட்டி விற்கிறது. ஓரிக்குச் சமமான சாமான், விலை குறைவு. மினி டிராக்டருக்கு அவ்வளவு சுலபமான நடுவழி அமைவதில்லை.

டூப்ளிகேட்தான் வாங்க முடியும் என்ற நிலை யாருக்கும் வரலாம். அப்போது பழைய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மாடல் எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள். வெளிவிட்டம், நடுவில் தண்டு நுழையும் இடத்தின் பல் எண்ணிக்கை, நடுக்குழாயின் உயரம், மூன்றையும் ஒப்பிடுங்கள். இரண்டு தட்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தால் எடை வித்தியாசமே பாதி கதையைச் சொல்லிவிடும். சுருள்வில் விரலால் நெருடினால் ஆடக் கூடாது. அழுத்துத் தகட்டைக் கவிழ்த்து, அதன் விரல்களின் நுனிமேல் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். எல்லா நுனியும் ஒரே உயரத்தில் தொட வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தாலும் வண்டி கிளம்பும்போது உதறும்.

பழைய தட்டுக்குப் புது லைனிங் (உராயும் மேற்பட்டை) அடித்துத் தரும் கடைகளும் உண்டு. வேறு எங்கும் தட்டே கிடைக்காத வண்டிக்கு மட்டும் அது சரி. நடுக்குழாயும் சுருள்வில்லும் பழசாகவே இருக்கும்போது மேலே மட்டும் புதுசு ஒட்டி என்ன பயன்? இதில் இன்னொன்று. ரொம்பப் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிளட்ச் வீட்டைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது நம் பட்டறைகளில் சாதாரணம். ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலை விட்டுப் போகாது.

பிளந்த வண்டியில் தட்டை மட்டும் மாற்றிவிட்டுச் சேர்ப்பதைப் போன்ற வீண் வேலை இல்லை. பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், கிராங்க் தண்டின் பின் ஆயில் சீல், கியர்பெட்டி உள்தண்டின் சீல், இந்த நான்கும் அன்றே மாற வேண்டும். சீல் கசிந்து புதுத் தட்டில் எண்ணெய் ஏறினால் அந்தத் தட்டு எந்த டீலரிடம் வாங்கியதானாலும் வழுக்கும்.

இங்கேதான் நான்காவது வாசல் வருகிறது. ரிலீஸ் பேரிங் அந்தந்த வண்டிக்கென்று செய்யப்பட்டதாக இருந்தால் தட்டோடு சேர்த்து ஓரியாக எடுத்துவிடுங்கள். மற்ற பேரிங்குகளுக்கும் சீலுக்கும் டீலரிடம் போகவே வேண்டாம், பேரிங் கடைக்குப் போங்கள். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்தாலும் அளவு அதேதான். பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. சீலிலும் அப்படியே, 35 52 8 என்று இருந்தால் தண்டின் விட்டம், கூட்டின் விட்டம், அகலம். என்டிஎன், என்எஸ்கே, கோயோ, சீலுக்கு என்ஓகே என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. டிராக்டர் கம்பெனியின் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பேரிங்தான் இருக்கும். பெட்டிக்குத்தான் கூடுதல் விலை. ஆனால் பெயர்போன பேரிங்குக்குப் போலி நிறைய வருகிறது, ஆகவே முகம் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

இனி பல்சக்கரம். இதில் என் தீர்ப்பு அப்படியே தலைகீழ்: புது டூப்ளிகேட்டைவிடப் பழைய ஓரி மேல். பல்சக்கரத்தின் உயிர் அதன் மேல்தோலில் இருக்கிறது. நல்ல பல்லின் மேற்புறத்தைச் சூட்டில் கடினப்படுத்தி, உள்ளே இரும்பை இளக்கமாக விட்டிருப்பார்கள். அப்போதுதான் தேயாது, அடி வாங்கினாலும் முறியாது. இந்தச் சூட்டு வேலை சரியாக நடந்ததா என்று கடை மேசையில் வைத்துக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பல்லில் கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் அது ஏற்கெனவே உழைத்துக் காட்டிவிட்டது. பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி இருக்கிறதா பாருங்கள். கியர் விழும் பக்கத்துச் சின்னப் பற்களின் முனை உருண்டு போயிருந்தால் அந்தக் கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடும். இரண்டும் இல்லை என்றால் நம்பி வாங்கலாம்.

டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனும் மட்டும் ஜோடியாகத்தான் வர வேண்டும். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று உராயவிட்டுப் பொருத்தியிருப்பார்கள், இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கும். ஒரு வண்டியிலிருந்து கிரவுன், இன்னொன்றிலிருந்து பினியன் எடுத்துச் சேர்த்தால் ஊளையிடும், சீக்கிரமே பல் உதிரும். பட்டறைக்காரர் "ரெண்டும் ஒரே மாடல்தான் பாஸ்" என்று சொல்வார். எண் ஒத்துப்போனால் மட்டும் பணத்தை எடுங்கள்.

பழைய ஜப்பான் டிராக்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் பல, ஜப்பானிலேயே விற்க நெல் வயலுக்கென்று செய்த மாடல்கள். வெளியே பார்க்க நம்முடையதைப் போலவே இருக்கும், உள்ளே தண்டின் பல் எண்ணிக்கையோ கியர் விகிதமோ வேறாக இருக்கலாம். முழு டிரான்ஸ்ஆக்சிலையே மாற்றுவதாக இருந்தால், முன் ஆக்சிலின் விகிதமும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. பொருந்தாவிட்டால் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு தண்டை முறுக்கும்.

மாசி 135 வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது. 1964 முதல் 1975 வரை செய்த வண்டி, டீலர் அலமாரியை நம்ப முடியாது. ஆனால் 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாசி பெர்குசன் டிராக்டர்களை இந்தியாவில் பல்லாண்டுகள் செய்து வந்ததால் அங்கே இந்த வகைச் சாமானுக்கு இன்னும் பெரிய சந்தை இருக்கிறது. ஊருக்குப் போகிற உறவினர் கையில் பழைய தட்டின் படத்தையும் அளவையும் கொடுத்துவிட்டு வாங்கியிருக்கிறேன், நன்றாகவே உழைக்கிறது. இரட்டைக் கிளட்ச் மாடல் என்றால் இரண்டு தட்டையும் சேர்த்தே வாங்குங்கள். பெடலைப் பாதி மிதித்தால் சக்கர ஓட்டம் நிற்கும், முழுக்க மிதித்தால் பின்னால் மாட்டும் கருவியை ஓட்டும் தண்டான பிடிஓவும் நிற்கும். இந்த இரண்டு நிலைக்கும் உள்ளே தனித்தனியாக உயரம் வைக்க வேண்டும். தெரிந்த ஆள் செய்யவில்லை என்றால் நல்ல தட்டும் வீண்.

எண்ணெயில் சிக்கனம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. குபோத்தா மாதிரி வண்டியில் டிரான்ஸ்ஆக்சில் எண்ணெய்தான் ஹைட்ராலிக்குக்கும், எண்ணெயில் மூழ்கியிருக்கும் பிரேக்குக்கும் எண்ணெய். கம்பெனி சொல்லும் யூடிடி வகை எண்ணெய் அதற்காகவே கலந்தது. கார் டிஃபரன்ஷியலுக்கான ஜிஎல்-5 எண்ணெய் விலை குறைவு என்று ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், ஹைட்ராலிக் சோம்பும். வேறு கம்பெனி எண்ணெய் வாங்கலாம், ஆனால் டிராக்டரின் கியர், ஹைட்ராலிக், ஈர பிரேக் மூன்றுக்கும் ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்க வேண்டும். அளவுக்கோலை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கோப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றே வடித்துவிடுங்கள்.

மியூல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லை, ரப்பர் பெல்ட்தான். பிளக்காமல் பக்கத்து மூடியைத் திறந்தே மாற்றலாம். ஆகவே கூலிக் கணக்கு அங்கே வேறு. இருந்தாலும் டூப்ளிகேட் பெல்ட் தோட்டத்து நடுவில் அறுந்து, நூல் தண்டில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் பொழுது போய்விடும். நான் ஓரி பெல்ட்டைப் போட்டு, டூப்ளிகேட்டை இருக்கைக்கு அடியில் அவசரத்துக்கு வைத்திருக்கிறேன்.

பிறகு, காசே செலவாகாத இரண்டு வேலை. டிராக்டரின் கிளட்ச் பெடலில், கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் இருக்கும் சும்மா ஆட்டம் பல குபோத்தா மாடல்களில் 20 முதல் 30 மில்லிமீட்டர். தட்டு தேயத் தேய இது குறையும், முழுக்கப் போய்விட்டால் ரிலீஸ் பேரிங் ஓய்வே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மாதம் ஒரு தடவை கையால் அமுக்கி அளந்துவிடுங்கள். ஓட்டுகிற பிள்ளைகளிடமும் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே என்று சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, கிளட்ச் வீட்டின் அடியில் இருக்கும் சின்னத் துளை. சில வண்டியில் அதில் ஊசி ஆடும், சிலவற்றில் திருகு மூடி இருக்கும். நம் கடலோரக் களிமண்ணில் நாலு தடவை வடிகாலில் இறங்கினாலே அது அடைத்துக்கொள்ளும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தட்டு தண்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலம் வருகிறது. என் வண்டிகளில் மூன்றின் துளையையும் நேற்றுதான் கம்பியால் குத்திவிட்டேன். மாசியில் ஒரு குவளைச் சேற்றுத் தண்ணீர் இறங்கியது.