தருமபுரி மாடிக்கடையில் ஹார்டுவேர் இன்டர்வியூ பயிற்சி: காசுக்குத் தகுமா?

சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் இங்கே போக வேண்டாம். ஃபிரேம் போட்டு மாட்ட ஒரு காகிதமும் கிடைக்காது. ஏசி அறை, புரொஜெக்டர், வரவேற்பில் உட்கார்ந்து வணக்கம் சொல்லும் பெண் எதுவும் கிடையாது. நேதாஜி பைபாஸ் ரோடு பக்கம் கீழே செல்போன் கடை, மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பகலில் ரிப்பேர் வேலை நடக்கும் அதே மேசையில், சாயங்காலம் டெக்னீஷியன் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களைத் தயார் செய்கிறார் கடைக்காரர். கட்டணம் 3,500 ரூபாய், இரண்டு தவணையில் கட்டலாம். குறைகளையும் எழுதப் போவதால் கடைப் பெயரைப் போடவில்லை. அந்தப் பக்கம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

எனக்கு பாலக்கோடு பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். ஜாவா, டேட்டாபேஸ் எல்லாம் பரீட்சைக்குப் படித்தோம். கேபினெட் மூடியைக் கழற்றிப் பார்க்க மட்டும் லேபில் யாரும் விட்டதில்லை. கல்யாணம், குழந்தை, அப்புறம் ஒரு இ-சேவை மையத்தில் சில காலம் என்று ஓடிவிட்டது. ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு கான்ட்ராக்டில் டெஸ்க்டாப் சப்போர்ட் ஆள் எடுக்கிறார்கள், 'ப்ராக்டிகல் டெஸ்ட் உண்டு' என்று தகவல் வந்தபோதுதான் இந்தக் கடையைத் தேடிப் போனேன். வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வீடியோவில் வரும் மெஷின் கடைசியில் எப்படியும் ஓடிவிடுகிறது. இங்கே அந்த உத்தரவாதம் இல்லை.

முதல் நாளே ஓடாத ஒரு சிபியூவைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார் கடைக்கார அண்ணன். மாம்பழக்கூழ் கம்பெனி அக்கவுண்டன்ட்டாக அவரே வேஷம் கட்டுவார். "சீசன் நேரம்மா, வெளியே லாரி நிக்குது, பில்லு போடணும், சீக்கிரம் பாரு" என்று கத்துவார். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் அந்தக் கம்பெனிகளுக்கு நிஜமாகவே சர்வீஸுக்குப் போகிறவர் என்பதால் நடிப்பில் குறை சொல்ல முடியாது. நாம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். முதலில் கேட்க வேண்டும்: நேற்று வரை ஓடியதா, கரண்ட் போய் வந்ததா, புதிதாக ஏதாவது மாட்டினார்களா, மெஷினை இடம் மாற்றினார்களா, பீப் சத்தம் வருகிறதா, ஃபேன் சுற்றுகிறதா. அப்புறம் செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும். அரூரிலிருந்து வந்த ஒரு ஐடிஐ தம்பிக்குக் கை அபாரமாக ஓடும், பழுதைச் சட்டென்று பிடித்துவிடுவான், ஆனால் வாய் திறக்கமாட்டான். "நீ சரி பண்ணது எனக்குத் தெரியுது தம்பி, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு இன்டர்வியூ எடுக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று அவனை மறுபடி மறுபடி முதலிலிருந்து செய்யவைத்தார். என்னைக் கேட்டால் கொடுத்த காசு அந்த ஒரு கேள்விக்கே சரியாகிவிட்டது.

எஸ்எம்பிஎஸ், அதாவது சிபியூவுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அந்தப் பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் கரண்ட் ஏறி இறங்குவதில் முதலில் அடிவாங்குவது அதுதான், அதனால் கடையில் செத்த எஸ்எம்பிஎஸ்களுக்குப் பஞ்சமில்லை. 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்கும். இந்த அளவுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். ஃபேன் சுற்றியதும் எஸ்எம்பிஎஸ் நல்லாயிருக்கிறது என்று முடிவுகட்டினால் அண்ணனுக்குக் கோபம் வரும். மீட்டர் வைத்து மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வருகிறதா என்று பார்க்க வேண்டும். 5 சதவீதம் வரை கூடலாம் குறையலாம், அதாவது மஞ்சளில் 11.4-க்குக் கீழே போனால் அது தேறாது. மெஷின் ஆஃபில் இருந்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருந்தால் ஊதா வயரில் 5 வோல்ட் இருக்கும். அதுவும் இல்லையென்றால் பவர் பட்டனைச் சந்தேகித்துப் பயனில்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், இன்டர்வியூவில் "திறந்து பார்ப்பேன்" என்று சொன்னால் அங்கேயே கதை முடிந்தது என்றார்.

டிஸ்ப்ளே வராத மெஷினுக்கும் அதே ஒழுங்குதான். மானிட்டர், கேபிள், அது எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். அப்புறம் மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைமேல் வைத்து, ஃபேனோடு ப்ராசசர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து, பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டு ஓடவிட வேண்டும். ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம், எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதில் குற்றம். ரேமை ரப்பரால் துடைப்பதையும் சொல்லிக்கொடுத்தார். கடையில் அது நடக்கும், சரி. கம்பெனி இன்டர்வியூவில் பென்சில் ரப்பரை எடுக்காமல் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைப்பேன் என்று சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போனால் அது இன்னொரு வேலை.

இனி குறைகள். மேசையில் இருப்பதெல்லாம் பழைய டிடிஆர்3 ரேம் போட்ட மெஷின்கள். புது மெஷின்களில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எம்.2 எஸ்எஸ்டியை நான் அங்கே கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, மானிட்டரைப் போர்டில் செருகினால் திரை இருட்டாகத்தான் இருக்கும் என்பதை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. கம்பெனிகள் எல்லாம் 11-க்கு மாறுகிற இந்த நேரத்தில், 11 கேட்கும் பாதுகாப்பு அம்சங்களான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் பற்றிக் கேட்காமல் விடுவார்களா? அண்ணனிடம் கேட்டால் "அது சாஃப்ட்வேர்மா" என்று நழுவிவிடுகிறார். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்கில் போய் ஆன் செய்கிற விஷயம் எப்படி சாஃப்ட்வேர் ஆகும்?

நெட்வொர்க் பாதிக்கிணறுதான். கிரிம்பிங், அதாவது நெட்வொர்க் கேபிள் முனையில் கனெக்டர் மாட்டுவது, நன்றாக வந்துவிடும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று வயர் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியிலிருந்து எதுவும் வரவில்லை என்று அர்த்தம், அதையும் சொன்னார். அதற்குமேல் இல்லை. லேப்டாப் பேட்டரி கழற்றுவதோடு சரி. பிரிண்டர் பாடம் மட்டும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

ஆறு பேருக்கு இரண்டு மல்டிமீட்டர், அதில் ஒன்றின் புரோப் வயர் ஆடிக்கொண்டே இருக்கும். கட்டணத்துக்கு ரசீது கேட்டால்தான் எழுதுகிறார். பெண்கள் கவனிக்க: மாடியில் கழிப்பறை இல்லை. வகுப்பு ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும் என்பார்கள். ஏதாவது மெஷின் அடம்பிடித்தால் ஒன்பதைத் தாண்டும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் உங்களை முதலில் அனுப்பிவிடுவார், அதில் நல்ல மனுஷன்.

ஓசூரில் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராத மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். "சார், இது கடைசியாக எப்போது ஓடியது?" என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். இடம் மாற்றிய பிறகு ஓடவில்லை என்றார்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டு, எதற்காக இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். ப்ராசசருக்குப் போகும் 8 பின் பவர் கனெக்டரைப் பிடுங்கி ஓரமாக மடக்கிவைத்திருந்தார்கள். ரேமும் ஒரு பக்கம் கிளிப் விழாமல் நின்றது. இரண்டையும் சரிசெய்து, டிஸ்ப்ளே வந்ததும் தேதி தப்பாக இருப்பதைக் காட்டி, நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்றேன். அடுத்து, புகார்ப் பதிவான டிக்கெட்டைப் பற்றி வந்த கேள்வி: "டிக்கெட்டில் என்ன எழுதி முடிப்பீர்கள்?" கடையில் ஒரு நீள நோட்டு உண்டு, புகார் என்ன, கண்டது என்ன, செய்தது என்ன, சரிபார்த்தது யார் என்று ஒவ்வொரு மெஷினுக்கும் எங்களை எழுதவைப்பார். அப்போது எரிச்சலாக இருந்தது. அங்கே அதை அப்படியே சொன்னேன். விண்டோஸ் 11 கேள்வியும் வந்தது, அதற்கு நானாகப் படித்தது கைகொடுத்தது. வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர்கிறேன்.

எனவே டிப்ளமோ, ஐடிஐ, பி.எஸ்சி. என்று எது முடித்திருந்தாலும், மெஷினைத் திறக்கப் பயம் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஏற்கெனவே சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர்கள் ஒத்திகை இன்டர்வியூவுக்கு மட்டும் வரலாம், அதற்குத் தனியாக 500 ரூபாய். புது மெஷின், நெட்வொர்க் இரண்டையும் வேறு எங்காவது பார்த்துக்கொள்ளுங்கள். டூல் கிட் தன்னிடமே வாங்கச் சொல்வார், கட்டாயமில்லை. காந்த முனையுள்ள ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். சேரும் முன் எந்த பேட்சில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஒத்திகை இன்டர்வியூ நடக்கும், அப்போது போன் செய்தால் எடுக்கமாட்டார்.