கீழக்கரை அடுப்படியில் பிரெட் மெஷின்: 3 வருட அனுபவம்

தம்பி துபாயிலிருந்து வரும்போது தூக்கிவந்த, மாவைப் பிசைந்து எழும்பவிட்டுத் தானே சுட்டும் தரும் பிரெட் மெஷின் எங்கள் வீட்டில் 3 வருடமாக ஓடுகிறது, வாரத்துக்கு இரண்டு முறையாவது. முதல் இரண்டு மாதம் சுட்டதில் பாதி கோழிக்குத்தான் போனது. மெஷினே சரியில்லை என்று தம்பியிடம் போனில் சண்டை போட்டதும் உண்டு.

முதலில் வந்ததெல்லாம் செங்கல். எழும்பவே இல்லை, அறுத்தால் கத்தியில் களிபோல அப்பியது. மாவை எழும்ப வைக்கும் ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று வெதுவெதுப்பான தண்ணீரில் சீனியோடு கரைத்து வைத்தேன். 10 நிமிடத்தில் நுரை பொங்கியது. அப்புறம்தான் உறைத்தது. சோதனைக்கு எடுத்தது விலைக்கு வாங்கும் குடத்துத் தண்ணீர், மாவில் ஊற்றியது போர் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. உப்பு ஈஸ்ட்டை அடக்கும். ஏற்கெனவே கரிக்கிற தண்ணீரில் செய்முறைப் புத்தகம் சொன்ன ஒன்றரை டீஸ்பூன் உப்பையும் போட்டால் எங்கே எழும்பும்? குடத்துத் தண்ணீருக்கு மாறிய அன்றே ரொட்டி தலை தூக்கியது.

சித்திரையில் நேர்மாறான தொல்லை. கண்ணாடி வழியே பார்த்தால் மூடியை முட்டும் அளவுக்குப் பொங்கி நிற்கும். வேகத் தொடங்கியதும் பொதுக்கென்று உட்கார்ந்து, தேய்ந்த அம்மி மாதிரி நடுவில் குழி விழும். இந்த வெக்கையில் மாவு சீக்கிரமே உச்சத்துக்குப் போய்விடுகிறது. மெஷினுக்கு அது தெரியுமா? தன் கணக்குப்படி நேரத்தை ஓட்டுகிறது. இப்போது 500 கிராம் மைதாவுக்கு 300 மில்லி ஐஸ் தண்ணீர், ஈஸ்ட் ஒன்றரைக்குப் பதில் 1 டீஸ்பூன். வெயில் ஏறுமுன், விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் போட்டுவிடுவேன். குழி விழுவது நின்றது.

வாடைக்காற்று மாதங்களில் மாவு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதே அளவுத் தண்ணீர் அதிகமாகிவிடும். அளவைவிட விரலைத்தான் நம்புகிறேன். பிசையத் தொடங்கி 5 நிமிடத்தில் மூடியைத் திறந்து உருண்டையைத் தொட்டால் லேசாக ஒட்டி, உடனே விட்டுவிட வேண்டும். பாத்திரச் சுவரில் அப்பினால் ஒரு ஸ்பூன் மாவு, உதிரியாகத் திரிந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். ஓடும்போது திறக்கவே கூடாது என்பார் மாமி. பிசையும்போது திறக்கலாம், எழும்பும்போதும் வேகும்போதும்தான் கூடாது.

முழுக் கோதுமை மாவில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. பாதி மைதா கலந்து, கூடுதலாகத் தண்ணீர் விட்டால் சுமாராக வரும். மைதா ரொட்டியின் பஞ்சு வராது.

குறை என்றால், வெந்தபின் உள்ளேயே விட்டால் ஆவியில் மேல்தோல் சுருங்கி நமுத்துவிடும். உடனே கவிழ்த்து ஆற வைக்க வேண்டும். பாலும் முட்டையும் போட்டு ராத்திரி டைமர் வைக்க இந்த ஊர் வெப்பத்தில் நான் துணியமாட்டேன். ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்தால் இறுக்கமான பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். கரண்ட் போய் வெகுநேரம் வராவிட்டால், மாவை எடுத்துத் தோசைக்கல்லில் ‘நான்’ ரொட்டி மாதிரி தட்டிப் போட்டுவிடுவேன். பிள்ளைகளுக்கு அது மெஷின் ரொட்டியைவிடப் பிடிக்கிறது.

கிளறும் பிளேடின் பூச்சு மட்டும் உரிந்துவிட்டது, ரொட்டியின் அடியில் கறுப்புத் துகள் ஒட்டுகிறது. புதுசு வாங்க அளவெடுத்துத் தம்பிக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.