உச்சி வெயிலுக்கு ஒரு கேமரா: இன்ஃப்ராரெட்டோடு சில வருடங்கள்

புது கேமரா வாங்கியதும் பழைய மிரர்லெஸ்ஸை விற்கத்தான் நினைத்தேன். கேட்ட இடத்தில் எல்லாம் அடிமாட்டு விலை. சரி, விற்பதற்குப் பதில் இன்ஃப்ராரெட்டுக்கு, அதாவது அகச்சிவப்புக் கதிரில் படம் எடுக்கும்படி, மாற்றிவிடலாம் என்று கொடுத்துவிட்டேன். ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராவிலும் படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 720 நானோமீட்டர் ஃபில்டரை வைத்துத் தருவார்கள். நம் கண்ணுக்கு ஏறக்குறைய 700 வரைதான் எட்டும். அதற்கு அப்பால் இருக்கும் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுக்கும் கேமராவோடு மதுரையைச் சுற்றிச் சில வருடங்களாக அலைகிறேன்.

கேமராவைப் பிரிக்க மனமில்லாதவர்கள் லென்ஸ் முன்னால் ஹோயா ஆர்72 போன்ற ஃபில்டரை மாட்டிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே தடுப்புக் கண்ணாடி அப்படியே இருக்கும் என்பதால் நல்ல வெயிலிலும் எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரம்) வினாடிக்கணக்கில் போகும், ட்ரைபாட் இல்லாமல் ஆகாது. ஆட்களை எடுப்பது பெரும்பாடு. மாற்றிய கேமராவில் அந்தத் தொல்லை இல்லை, கையில் பிடித்தபடியே எடுக்கலாம்.

முதல் லாபம் நேரம். காலை எட்டு மணிக்கு மேல் வெளிச்சம் கெட்டுவிட்டது என்று பையை மூடுகிற பழக்கம் போய்விட்டது. பகல் பன்னிரண்டு மணி வெயில்தான் இதற்குச் சரியான வெளிச்சம். இலையில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சும்; அகச்சிவப்பைச் சீண்டுவதில்லை. இலைக்குள் இருக்கும் செல் அடுக்குகள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால் மரமெல்லாம் வெள்ளையாகிவிடும். காற்றில் இந்தக் கதிர் அதிகம் சிதறாது, அதனால் நீல வானம் கறுத்துவிடும். தண்ணீர் அதைக் குடித்துவிடும், அதுவும் கறுப்பு. இலை வெளுப்பதற்கு ‘வுட் எஃபெக்ட்’ என்று பெயர். 1910-இல் இப்படிப்பட்ட படங்களை முதன்முதலில் வெளியிட்ட ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளரின் பெயர் அது.

ஆகாயத்தாமரை மூடிய கண்மாய் ஒன்றை எடுத்தேன். படத்தில் பனி பெய்து உறைந்த ஏரி மாதிரி இருந்தது, நடுவே இரண்டு இடத்தில் கறுப்புத் தண்ணீர். பார்த்தவர்கள் காஷ்மீரா என்று கேட்டார்கள். அங்கே அடிக்கிற சாக்கடை நாற்றம் படத்தில் வராது, அதனால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: வெள்ளை மரம் சில மாதத்தில் சலித்துவிடும். வெள்ளைப் பனை, வெள்ளை வேம்பு, கறுப்பு வானம். ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாம் ஒரே படம். இன்ஃப்ராரெட் கேமராக்கள் பல வீடுகளில் பீரோவுக்குள் போய்ச் சேர்வது இந்தக் கட்டத்தில்தான். மரத்தை விட்டுவிட்டு மனிதர்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் எனக்கு இது சூடு பிடித்தது.

கார்த்திகை மாதம், டீக்கடை வாசலில் மாலை போட்ட ஐயப்ப சாமிகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் கறுப்பு வேட்டிதான். படத்தில் ஒருவர் வேட்டி சாம்பல், ஒருவருடையது ஏறக்குறைய வெள்ளை, ஒரே ஒருவருடையது மட்டும் கறுப்பு. எல்லாம் சாயத்தின் வேலை. பல செயற்கைச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் விழுங்கும், அகச்சிவப்பை விட்டுவிடும். கரி அப்படியல்ல, இரண்டையும் விழுங்கும். அப்புறம் எதைப் பார்த்தாலும் இது சாயக் கறுப்பா, கரிக் கறுப்பா என்றுதான் மனம் போயிற்று. குடை, வக்கீல் கோட்டு, செருப்பு என்று ஒன்றையும் விடவில்லை.

அந்தக் கிறுக்குத்தான் பச்சை குத்திய கைகளிடம் கொண்டுபோய் விட்டது. பழைய பச்சையில் விளக்குக் கரி உண்டு. தோலோ அகச்சிவப்பில் வெளுத்து, சுருக்கம் குறைந்து, பால் பூசியது போல் தெரியும். வெள்ளைத் தாளில் கரி எழுத்து வந்த மாதிரி ஆகிவிடும். 2018-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய எகிப்திய உடலில் இருந்த பச்சை தெரிந்ததும் அகச்சிவப்புப் படத்தில்தான்.

மேலூர்ப் பக்கம் ஒரு பாட்டியின் முன்கையில் நீலம் பாய்ந்த கறை மாதிரி ஏதோ இருந்தது. கேட்டு அனுமதி வாங்கி எடுத்தேன். கேமரா திரையில் வளைந்த வால், கொடுக்கு, கால்கள், பக்கத்தில் புள்ளிக்கோலம். காட்டினேன். “அட, தேளு! அழிஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன் தம்பி” என்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஆமா, நான் எப்ப இம்புட்டு வெள்ளையானேன்?” என்று ஒரே சிரிப்பு. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவர் சொல்லி அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது நான் இந்தக் கேமராவை எடுப்பதே பெரும்பாலும் இதற்காகத்தான்.

முகங்களை மட்டும் யோசித்து எடுங்கள். கண்மணி இருண்டு, உதடு வெளுத்துவிடும். அக்கா மகள் தன் படத்தைப் பார்த்து “பேய் மாதிரி இருக்கேன் மாமா” என்று அழிக்கச் சொல்லிவிட்டாள்.

தொல்லைகளும் உண்டு. சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வட்டமாக ஒரு வெளுப்பு விழும், லென்ஸ் துளையான அபெர்ச்சரைச் சுருக்கச் சுருக்க இன்னும் மோசமாகும். சாதாரணப் படத்தில் அருமையாக வேலை செய்கிற லென்ஸே இதில் காலை வாரும், மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மாற்றிக் கொடுத்த இடத்தில் ஃபில்டருக்கு அடியில் ஒரு தூசியைச் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள், திரும்ப அனுப்பித்தான் சரியாயிற்று. வொயிட் பேலன்ஸைப் புல்லில் காட்டி அமைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எல்லாம் ரத்தச் சிவப்பாக வரும். அகச்சிவப்பில் ஃபோகஸ் சற்றுத் தள்ளி விழும், ஆனால் மிரர்லெஸ் சென்சாரிலேயே பார்த்து ஃபோகஸ் செய்வதால் அந்தக் கவலை இல்லை.

எந்த ஃபில்டர் என்று கேட்பவர்களுக்கு: பொன்னிற இலையும் நீல வானமுமாக நிறம் வேண்டுமென்றால் 590. கம்ப்யூட்டரில் படத்தின் சிவப்பையும் நீலத்தையும் (சேனல்களை) ஒன்றுக்கொன்று மாற்றிப்போடுகிற வேலை இருக்கும், எனக்கு அந்த நிறங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. 720 நிறத்துக்கும் கறுப்பு வெள்ளைக்கும் நடுவில். கறுப்பு வெள்ளை மட்டும் போதும் என்கிறவர்கள் யோசிக்காமல் 830 போடலாம். இன்னொரு கேமரா மாற்றக் கொடுத்தால் நான் கேட்கப்போவது அதைத்தான்.