பி.ஆர்.பி. என்று பணம் வாங்கினார்கள், போட்டது ஸ்டீராய்டு

முட்டிவலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் வாலிபால், கபடி ஆட்டக்காரர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அணியில் ஒரு தம்பி, நான் ஏமாந்த அதே கிளினிக்கில் முன்பணம் கட்டப் போவதாகப் போன வாரம் சொன்னான். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினேழு வருடமாக வாலிபால் ஆடுகிறேன். திருவிழா மின்னொளிப் போட்டி, பொங்கல் போட்டி என்று பெரும்பாலும் கட்டாந்தரை, சில இடங்களில் சிமெண்ட் தரை. அட்டாக்கர் என்பதால் ஒரு மேட்சில் எத்தனை முறை எம்பிக் குதிப்பேன் என்று கணக்கே கிடையாது. வலது முட்டிச் சில்லுக்கு நேர் கீழே, ஒற்றை விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலி ஆரம்பித்தது. ஆடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் அடங்கும், மறுநாள் காலை படி இறங்கும்போது உயிர் போகும். ஒன்றரை வருடம் தைலமும் வலி மாத்திரையுமாக ஓட்டினேன்.

ஊரில் எல்லாரும் 'ஜவ்வு போயிடுச்சு' என்றார்கள். முட்டியில் எது வலித்தாலும் நாம் அப்படித்தான் சொல்வோம். எனக்குப் பழுதானது ஜவ்வு இல்லை, தசைநாண். தொடைத் தசையின் விசையைச் சில்லு வழியாகக் கீழ்க்கால் எலும்புக்குக் கொண்டுபோகும் தடித்த நாண் அது. குதித்துக் குதித்து அது நைந்துபோவதைக் 'குதிப்பவர் முட்டி' என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பிறகுதான்.

மதுரையில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். மருத்துவர் பேண்ட்டை மடிக்கச் சொல்லி இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. "உங்க ரத்தத்தையே எடுத்து, அதுல இருக்கிற பிளேட்லெட்டைப் பிரிச்சுப் போடுவோம் தம்பி. பக்கவிளைவே கிடையாது. மூணு ஊசி, ஆறே வாரத்துல கோர்ட்டுல நிப்பீங்க" என்றார். டெங்கு காய்ச்சலில் எண்ணிக்கை பார்ப்போமே, அதே தட்டணுக்கள். இப்படிப் பிரித்தெடுத்த தட்டணு நீரை ஊசியாகப் போடுவதற்குத்தான் பி.ஆர்.பி. என்று பெயர். வெளியே மேசையில், மூன்று ஊசிக்கும் சேர்த்து இன்றே கட்டினால் 42,000 ரூபாய் 36,000 ஆகும் என்றார்கள். வீட்டில் சீட்டு எடுத்த பணம் இருந்தது. கட்டிவிட்டேன்.

முதல் ஊசி நாளில் ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்துக்கொண்டு நர்ஸ் உள்ளே போனார். நாலைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சிரிஞ்சோடு திரும்பி வந்தார். உள்ளே இருந்தது நீர்மோர் போல வெள்ளையாக இருந்தது. "என்ன சிஸ்டர், வெள்ளையா இருக்கு?" என்று கேட்டேன். "பிராசஸ் பண்ணா அப்படித்தான் இருக்கும் அண்ணா" என்றார். நம்பினேன்.

மூன்றாம் நாள் வலி துளியும் இல்லை. அந்த மாதமே இரண்டு போட்டி ஆடினேன், பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கிளினிக்கைச் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போதும் மனசு ஆறவில்லை. மூன்று வார இடைவெளியில் மற்ற இரண்டு ஊசிகளும் முடிந்தன. நாலாவது மாதம் வலி திரும்பியது, முன்னைவிட மோசமாக. கழிவறையில் குந்தி எழ முடியவில்லை. போன் செய்தால், ஸ்டெம் செல் போட்டுப் பார்க்கலாம், 80,000 ஆகும் என்றார்கள்.

அப்புறம் வேறொரு விளையாட்டு மருத்துவரிடம் போனேன். "ஊசியில என்ன மருந்து?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நடந்ததைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரித்தெடுத்த தட்டணு நீர் வைக்கோல் மஞ்சளாகவோ ரத்தம் கலந்து சிவப்பாகவோ இருக்கும், பால் வெள்ளையாக வராது, ரத்தத்தை மெஷினில் சுழற்றவே பத்து நிமிடம் போல ஆகும் என்றார். என் சிகிச்சைக் குறிப்பை எழுதிக் கேட்கச் சொன்னார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தும், நாலு முறை அலைந்த பிறகுதான் தாள் கைக்கு வந்தது. மூன்று தேதிக்கும் ஒரே வரி: டிரையாம்சினலோன் 40 மில்லிகிராம், கூடவே மரத்துப்போகும் மருந்து. டிரையாம்சினலோன் என்பது ஸ்டீராய்டு. பில்லில் மட்டும் பி.ஆர்.பி. என்று இருக்கிறது.

ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று அமுக்கும், நாணைச் சரிசெய்யாது. வலி தெரியாமல் நாம் குதிப்போம், நைந்த நாண் மேலும் கிழியும், சிலருக்கு முழுதாக அறுந்தே போகும். எனக்கு ஸ்கேனில் பாதிக் கிழிசல் தெரிந்தது. டென்மார்க்கில் 2009-இல் வந்த ஆய்வில், இதே நோய்க்கு ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 12 வாரத்தில் நன்றாக இருந்து, அரை வருடத்தில் நிலைமை பின்னுக்குப் போயிருக்கிறது. கனமான எடையை மெதுவாகத் தூக்கிப் பயிற்சி செய்தவர்களுக்கோ முன்னேற்றம் நிலைத்திருக்கிறது. மாநில அணி, தேசிய அணி என்று போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் அது ஊக்கமருந்துத் தடைக்குள் வருகிறது. தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிப்பது சுலபமில்லை.

சரி, உண்மையான பி.ஆர்.பி. போட்டிருந்தால்? அதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 36,000 கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019-இல் வந்த ஆய்வில், இதே முட்டிநாண் வலியுள்ள 57 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, இரண்டு குழுவுக்கு இரண்டு வகை பி.ஆர்.பி.யும் ஒரு குழுவுக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். எல்லாருக்கும் உடற்பயிற்சியும் உண்டு. உப்புநீரைவிட பி.ஆர்.பி. மேலாக இருக்கவில்லை. 'பக்கவிளைவே இல்லை, ஆறே வாரம்' என்று யாராவது உறுதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசிக்கு முன் மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பெயரைப் படியுங்கள், முடிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஊசிக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள்.

எனக்கு இப்போது வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் மூன்று நொடி இறக்கி, மூன்று நொடி ஏற்றி, நாலு செட். 15 தடவைக்கு மேல் தூக்க முடியாத எடையில் தொடங்கி, வாரம் போகப் போக எடையைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைக்கிறேன். ஒன்பது வாரம் முடிந்திருக்கிறது. குந்தி எழ முடிகிறது, குதிக்க இன்னும் அனுமதி இல்லை.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பில்லையும் குறிப்புத் தாளையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பியிடமும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவங்ககிட்டயா அண்ணே என்னைப் போகச் சொன்னீங்க?" என்று கேட்டான். ஊசி போட்ட புதிதில் அவனுக்கு அந்த இடத்தைச் சொன்னதே நான்தான்.