மட்டியின் எடையைக் கணிக்க நீளம் மட்டும் போதுமா, மூன்று அளவுகளும் வேண்டுமா?

ஓட்டின் நீளத்தை மட்டும் அளந்து மட்டியின் எடையைக் கணிப்பது விரைவான வழி. எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், வடிவம் மாறாமல் 20 மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டருக்கு வளரும் மட்டி எட்டு மடங்கு கனக்கிறது. ஆனால் அதே மும்மடி பிழையையும் பெருக்குகிறது: 20 மில்லிமீட்டர் மட்டியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், எடையில் சுமார் 15 விழுக்காடு பிசகும்.

வயது ஏற ஏற நீள வளர்ச்சி தளர்ந்து ஓடு புடைக்கும் இனங்களில், நீளம், உயரம், ஓடுகள் மூடிய நிலையில் உள்ள தடிமன் ஆகிய மூன்றையும் வெர்னியர் அளவியால் எடுத்துப் பெருக்கிப் பார்ப்பதையே, நேரம் கூடுதலாகப் பிடித்தாலும், நான் விரும்புவேன்.

இரண்டு முறைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. முட்டையிட்டபின் சதை மெலிந்தாலும் ஓடு சுருங்குவதில்லை. ஆகவே சதை எடைக்கான சமன்பாட்டைப் பருவந்தோறும் சில மட்டிகளை நேரடியாக எடைபோட்டுத் திருத்த வேண்டும்.