வைக்கோலை எரிப்பதா, மடக்கி உழுவதா, மாட்டுக்குப் போடுவதா?

குறுவை அறுத்த வாரம். மன்னார்குடிக்குத் தெற்கே சித்தப்பாவின் வயலில் செயின் வைத்த அறுவடை மெஷின் இறங்கிப் போன பிறகு, முக்கால் முழத்துக்குத் தாளும் (அறுத்தபின் நிற்கும் அடிக்கட்டை) அதன்மேல் வரிவரியாக வைக்கோலும் கிடந்தன. ராத்திரி பெய்த மழையில் எல்லாம் ஊறிப் போயிருந்தது.

"எரிக்கிற வேலையே நம்மகிட்ட கிடையாது தம்பி. தண்ணிய வச்சு மடக்கி உழுதுடுவேன். எல்லாம் மண்ணுக்கே போவட்டும்" என்றார் பெருமையாக. நானும் தலையாட்டினேன். புகை கிளம்பாவிட்டால் பாவம் இல்லை என்பதுதான் அன்றைக்கு என் கணக்கும்.

குறுவைக்கு அடுத்த போகமான தாளடி நட்டு மூன்று வாரம் கழித்து அதே வயலில் கால் வைத்தபோது, மிதித்த இடத்திலெல்லாம் புளுக் புளுக்கென்று குமிழ் கிளம்பியது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். ஒரு புனலைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அதன் வாயில் நீர் நிரம்பிய பாட்டிலைச் செருகி, சுற்றிலும் சேற்றைக் கிளறினேன். கால் பாட்டில் வாயு சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. தீக்குச்சியைக் காட்டினால் ஒரு கணம் நீல நிறத்தில் பற்றி அணைந்தது. இத்தாலியில் வோல்டா 1776இல் மஜோரே ஏரிக் கரையில் சேற்றைக் கிளறிப் பிடித்ததும் இந்த மீத்தேனைத்தான். சித்தப்பா பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்காடா நாம போராட்டம் பண்ணுனோம்?" என்றார்.

அது வேறு மீத்தேன். நிலக்கரிப் படிவங்களில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டுக் கிடப்பதை எடுக்கக் கூடாது என்றுதான் டெல்டா எதிர்த்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. பாட்டிலுக்குள் இருந்ததோ நாலைந்து மாதத்துக்கு முன் காற்றில் கரியமில வாயுவாகத் திரிந்த கார்பன். நெல் இலை அதை இழுத்து வைக்கோலாக்கியது. சேறு அதை மீத்தேனாக்கிவிட்டது.

வைக்கோல் விவகாரம் முழுவதும் இந்தச் சுற்றுக்குள்தான் நடக்கிறது. ஒரு டன் காய்ந்த வைக்கோலில் சுமார் 400 கிலோ கார்பன். அத்தனையும் காற்றிலிருந்து வந்தது. எந்த வழியில் விட்டாலும் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பும். எத்தனை நாள் கழித்துத் திரும்புகிறது, என்ன உருவத்தில் திரும்புகிறது, போகும்போது மண்ணுக்கு எதை விட்டுப் போகிறது என்பதில்தான் ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் வித்தியாசம்.

முதலில் எரிப்பு. நன்றாகக் காய்ந்து முழுசாக எரிந்தால் ஒரு டன் வைக்கோல் ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயுவாகப் போய்விடும். கேட்க பயங்கரமாக இருந்தாலும், இது கடன் வாங்கியதைத் திருப்பிக் கட்டுகிற கணக்கு. அடுத்த போகத்துப் பயிர் மறுபடி இழுத்துக்கொள்ளும். பெட்ரோலும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் எரிவது அப்படியல்ல, அங்கே சுற்றுக்கு வெளியே இருந்த கார்பன் புதிதாக உள்ளே வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டியதற்கு முக்கியக் காரணம் அதுதான், வைக்கோல் இல்லை.

இதனால் எரிப்பை நல்லது என்று சொல்லிவிட முடியாது. வயலில் கிடக்கும் வைக்கோல் ஒருநாளும் முழுசாக எரிவதில்லை. ஈரமானது புகைந்து புகைந்து கார்பன் மோனாக்சைடையும் கரித்தூளையும் கக்கும். அந்தப் புகை என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் பஞ்சாபும் டெல்லியும் காட்டுகின்றன. டன்னுக்கு 5 முதல் 8 கிலோ வரை இருக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறக்குறைய மொத்தமும் போய்விடும். சாம்பல்சத்தில், அதாவது பொட்டாஷில், பெரும்பகுதி சாம்பலிலேயே தங்குவதால் எரித்த வயலில் பயிர் கருகருவென்று வரும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனாலும் மீத்தேன் என்று பார்த்தால் டன்னுக்குச் சராசரியாக இரண்டு மூன்று கிலோதான். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சித்தப்பாவின் வழி. தண்ணீர் நின்றதும் சேற்றுக்குள் ஓரிரு நாளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். காற்றில் மூச்சு விடும் நுண்ணுயிர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கிற கூட்டம் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த வரிசையில் கடைசியாக வருவது மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள். பச்சை வைக்கோல் அவற்றுக்கு விருந்து. குமிழாக வருவது நம் கண்ணில் படுகிறது, அது கொஞ்சம்தான். வேரில் ஏறி, நெல் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்கள் வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறுவதுதான் பெரும்பகுதி. ஆக்சிஜனை வேருக்கு இறக்க நெல் வைத்திருக்கும் குழாய் மீத்தேனுக்குப் புகைபோக்கியாகிவிடுகிறது.

எவ்வளவு என்பதற்கு, நாடுகள் தங்கள் வாயுக் கணக்கை எழுதுவதற்காக ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி வகுத்த சூத்திரம் ஒன்று உண்டு. எக்டேருக்கு 5 டன் வைக்கோலை, தண்ணீர் கட்டுவதற்கு 30 நாளுக்கு உட்பட்ட இடைவெளியில் உழுதால், வைக்கோலே போடாத வயலைவிட மீத்தேன் ஏறத்தாழ மூன்று மடங்காகும். அதே 5 டன்னை 30 நாளுக்கு முன்பே உழுது, காற்றோட்டமாக மட்க விட்டால் ஒன்றரை மடங்கோடு நிற்கும். தெற்காசிய வயல்களின் அடிப்படை அளவை வைத்து நான் போட்டுப் பார்த்ததில், அவசரமாகச் சேற்றில் மடக்கிய ஒவ்வொரு டன் வைக்கோலும் 30 கிலோவுக்கு மேல் கூடுதல் மீத்தேன் விடும். எரிப்பில் இரண்டு மூன்று கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பதையும் சேர்த்தால், புகையே இல்லாத சித்தப்பாவின் வயல் பருவநிலைக் கணக்கில் எரித்த வயலைவிட மோசம். இதை அவரிடம் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அவருக்கு வேறொரு நஷ்டமும் இருந்தது. நட்ட பயிர் இரண்டாம் வாரமே வெளிறி நின்றது. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60, 70 பங்கு கார்பன் இருக்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு அந்த நைட்ரஜன் பத்தாது, மண்ணில் இருப்பதையும் உறிஞ்சிக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். சித்தப்பா மேலுரமாக இன்னொரு மூட்டை யூரியா போட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மடக்கி உழுவதே தப்பு என்பது என் கட்சி இல்லை. தை மாதம் சம்பா அறுத்த வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அது தாளுக்கு நடுவே பனியிலும் மிச்ச ஈரத்திலும் வளர்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும்வரை நிலம் காய்ந்தே கிடக்கும். அந்த நாலு மாதத்தில் தாள் காற்றோட்டமாக மட்கி, பெரும்பகுதி கரியமில வாயுவாகவே போய், கொஞ்சம் மக்காகத் தங்கும். கோடை உழவில் அதை மண்ணோடு சேர்ப்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதே வேலையைப் புரட்டாசி, ஐப்பசியில், குறுவைக்கும் தாளடிக்கும் நடுவில் கிடைக்கும் இரண்டு மூன்று வாரத்தில், வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும்போது செய்தால்தான் சேறு மீத்தேன் பானையாகிறது. தாளடி என்ற பெயருக்குள்ளேயே தாள் இருக்கிறது. அந்தத் தாள்தான் பிரச்சினை. நடுவில் தண்ணீரை வடித்துக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்காவது குறையும் என்கிறார்கள். உண்மைதான். ஐப்பசி மழையில், வாய்க்கால் முடிகிற கடைமடையில் எதை வடிப்பது?

மாட்டுக்கு வருவோம். மாட்டின் பெருவயிறும் ஆக்சிஜன் இல்லாத சேற்றுப் பானைதான், உள்ளே இருப்பதும் அதே இன நுண்ணுயிர்கள்தான். ஒரு டன் வைக்கோல் தின்றால் மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் சுமார் 20 கிலோ. எரிப்பைவிட அதிகம், அவசர உழவைவிடக் குறைவு. ஆனால் இந்த 20 கிலோவை முழுசாக வைக்கோல் தலையில் கட்டுவது நியாயமில்லை. வைக்கோல் இல்லாவிட்டால் அந்த மாடு வேறு எதையாவது தின்று அதே ஏப்பத்தை விட்டிருக்கும், அந்தத் தீவனத்துக்கு வேறெங்கோ நிலமும் தண்ணீரும் செலவாகியிருக்கும். அப்புறம், தின்றதில் பாதிக்கு மேல் சாணமாக வெளியே வருகிறது. எளிதில் செரிப்பதை மாடு எடுத்துக்கொண்டு, கடினமான பகுதியை நமக்கு விடுகிறது. வயலில் போட்டால் நிலைத்து நிற்பது அதுதான். மீத்தேனைக் கிளப்பும் திறனுக்கான ஐபிசிசி அட்டவணையில் அவசரமாக உழுத வைக்கோலுக்கு 1 என்று மதிப்பு வைத்தால், தொழு உரத்துக்கு 0.21, கம்போஸ்டுக்கு 0.17. நாம் ஆசையாக மடக்கி உழும் தக்கைப்பூண்டு வகைப் பசுந்தாளுக்கு 0.45, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாணத்தின் கார்பன் எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் ஒரு வயல் இருக்கிறது. 1852 முதல் 1871 வரை தொழு உரம் போட்டார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். ஒருபோதும் உரம் போடாத பக்கத்துத் துண்டைவிட அந்தத் துண்டில் இன்றும் கார்பன் அதிகம். நம் வெயிலில் இதெல்லாம் பல மடங்கு வேகமாக மட்கும், அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

சிக்கல் வேறு இடத்தில். வைக்கோலைச் சுருட்டும் மெஷின் வந்தபின், ரோல் ரோலாக லாரி ஏறி மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் போகிறது. பணம் இங்கே வருகிறது, சாணம் அங்கே விழுகிறது. ஒவ்வொரு டன்னோடும் 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்தும் ஏற்றுமதி. அந்தக் காலத்தில் வைக்கோல் போரும் மாடும் எருக்குழியும் ஒரே கொல்லையில் இருந்தன.

வைக்கோலில் காளான் வளர்ப்பதும் கம்போஸ்ட் ஆக்குவதும் நல்ல வழிகள்தான். நனைந்து மாடு முகர்ந்துகூடப் பார்க்காத வைக்கோலுக்குக் குவித்து மட்கவைப்பது பொருத்தம். சாணக் கரைசல் தெளித்துப் புரட்டிக்கொண்டே இருந்தால் போதும். குவியலுக்குள் 60 டிகிரி வரை சூடேறும், கார்பனில் பாதி போய்விடும், மீதி மண்ணுக்கு. புரட்ட ஆள் வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

கடைசியாக, இப்போது எல்லாரும் பேசும் பயோசார். காற்று புகாமல் 400, 500 டிகிரியில் சுட்டுக் கரியாக்குவது. கார்பனை மட்டும் வைத்துப் பந்தயம் நடத்தினால் இதுதான் ஜெயிக்கும். பாதியளவு கார்பன் கரியில் தங்கும், அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர் சீண்டாது, நூற்றாண்டுகள் கிடக்கும். அமேசான் காட்டில் பழங்குடிகள் உண்டாக்கிய கரிமண் ஆயிரம் ஆண்டு தாண்டியும் கறுப்பாகவே இருக்கிறது. ஆனால் வைக்கோலை டிரம்மில் போட்டுச் சுட்டுப் பாருங்கள்: ஒரு டிரம் நிறைய அமுக்கினால் இரண்டு கை கரி வரும். ஒரு வேலி (ஆறரை ஏக்கர் சொச்சம்) நிலத்து வைக்கோலை இப்படிச் சுட ஆரம்பித்தால் அடுத்த குறுவையே வந்துவிடும். ஈர வைக்கோல் என்றால் கேட்கவே வேண்டாம். உமி அப்படியில்லை, ஆலையிலேயே காய்ந்து ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது. பல் விளக்க உமிக்கரி செய்தவர்கள் நாம். கரி போட ஆசைப்படுபவர்கள் அங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

என் வரிசையைக் கேட்டால், சம்பா வைக்கோலில் மாட்டுக்குப் போனது போக, தாளை உளுந்தோடு விட்டுக் கோடை உழவில் சேர்ப்பதுதான் முதல். குறுவை வைக்கோலை எப்பாடுபட்டாவது வயலைவிட்டு வெளியேற்ற வேண்டும். விற்கலாம், வரப்போரம் குவிக்கலாம். சேற்றில் மட்டும் மிதிக்கக் கூடாது. எரிப்பு கடைசிக்கு முந்திய இடம். அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அந்தப் பாட்டில் காட்டித்தான் தெரிந்தது.

சித்தப்பா இந்த வருஷக் குறுவைக்கு மெஷின்காரரிடம் தாளைக் கட்டையாக அறுக்கச் சொல்லி, மணிக்கணக்கு வாடகையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். தாழ்த்தி அறுத்தால் நேரம் கூடும், வாடகையும் கூடும். வைக்கோலை மேட்டில் குவிக்க இரண்டு ஆள் சொல்லியிருக்கிறார். மழை விட்டால்.